அம்பாந்தோட்டையில் சீனா, விழிஞ்ஞத்தில் நாம்: நம்ம மலைக் கல்லுக்கு இதில் என்ன கணக்கு?

படந்தாலுமூடு கடைக்காரர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். படந்தாலுமூட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். களியக்காவிளை செக்போஸ்டுக்கு இங்கிருந்து பைக்கில் ஐந்து நிமிஷம். கேள்வி கொஞ்சம் நீளம். விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

காலையில் ஷட்டரைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுவது டாரஸ் லாரிதான். ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றாக, பாறாங்கல்லும் எம்சாண்டும் ஏற்றிக் கேரளத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். குழாய், கீல், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் துடைத்து வைத்தால் பத்து மணிக்குள் மறுபடியும் வெள்ளைப் பொடி. போன வருஷம் ஒரு லாரியிலிருந்து கல் உருண்டு என் கடை வாசலில் விழுந்தது. படியின் ஓரம் பெயர்ந்துபோனது. அதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் அதே படியில் உட்கார்ந்து ஒரு பையன் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தான். நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. லாரி நிற்கவே இல்லை.

அப்படிப் போன கல்லில் ஒரு பங்கு விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் போயிருக்கிறது. புலிமுட்டு என்று அவர்கள் சொல்கிற அலைத்தடுப்புச் சுவர் மட்டுமே கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர். ஆழம் 20 மீட்டர் வரை போகும் கடலில் அடியிலிருந்து கல்லைக் கொட்டி மேலே கொண்டுவந்திருக்கிறார்கள்.

2023 அக்டோபரில் அங்கே முதல் கப்பல் வந்தபோது மகளைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். ஷென்ஹுவா 15 என்று பெயர். அதன் முதுகில் கிரேன்கள் நின்ற கோலத்திலேயே வந்திருந்தன. இழுவைப் படகுகள் தண்ணீரைப் பீய்ச்சி வரவேற்றன. எனக்கு மனசு நிறைந்துபோனது, உண்மையாகச் சொல்கிறேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் சொன்னாள்: "அப்பா, அந்த கிரேன் எல்லாம் ஷாங்காயில் செய்தது." அவள் திருவனந்தபுரத்தில் எக்கனாமிக்ஸ் படிக்கிறாள். அன்று ராத்திரி டிவியில், சீனா நம்மைச் சுற்றித் துறைமுகங்களாகக் கட்டி மாலை போடுகிறது, அதற்கு நம் பதில்தான் விழிஞ்ஞம் என்று பேசினார்கள். அன்று தொடங்கிய வாக்குவாதம் எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

நான் சொல்வது இது. சீனா இலங்கைக்குக் கந்துவட்டி மாதிரிக் கடன் கொடுத்து, கட்ட முடியாமல் போனதும் அங்கே இருக்கும் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை எழுதி வாங்கிவிட்டது. வியாபாரத்தில் இதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பஜாரிலேயே ஒருவர் கடை அப்படித்தான் கைமாறியது. மகள், அது அவ்வளவு நேரான கதை இல்லை, கடன் வாங்கியவன் கணக்கையும் பார்க்க வேண்டும் என்கிறாள்.

யார் சொல்வது சரி? விழிஞ்ஞம் சீனாவுக்குப் பதில் என்றால் கிரேன் ஏன் அங்கிருந்து வந்தது? அப்புறம், இரண்டு பெரிய நாடுகள் போட்டி போடும்போது நம்ம மலையைக் கொடுத்துவிட்டு நாம் எந்தக் கணக்கில் வருகிறோம்?

மார்த்தாண்டம், முன்னாள் கொழும்பு எழுதியது:

அண்ணே, கொழும்பில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். இப்போது மார்த்தாண்டத்தில் இருக்கிறேன். உங்கள் மகள் சொல்வதில் முக்கால் பங்கு சரி. நீங்கள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் துறைமுகத்துக்கு ஏன் இத்தனை அடிதடி என்று பார்ப்போம். தூத்துக்குடியில் ஏறும் ஒரு நாற்பதடிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கரூர்க்காரர்களின் படுக்கை விரிப்பு, போக வேண்டியது ஐரோப்பாவுக்கு. 20,000 பெட்டி சுமக்கும் தாய்க்கப்பல் தூத்துக்குடிக்குள் வராது, ஆழம் போதாது. அதனால் சின்ன ஃபீடர் கப்பலில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்புவார்கள். அங்கே கிரேன் அதைத் தூக்கி யார்டில் வைக்கும். சில நாள் கிடக்கும். தாய்க்கப்பல் வந்ததும் மறுபடியும் தூக்கி அதில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தூக்கலுக்கும் காசு, கிடக்கும் நாளுக்கும் காசு. நான் ராத்திரி ஷிஃப்டில் பட்டியலைப் பார்த்து டிக் அடிக்கும்போது தூத்துக்குடி, கொச்சி, சென்னை என்றுதான் வரிசையாக வரும். கொழும்பு பிழைப்பதே பெருமளவு இந்தியப் பெட்டியால்தான். 2016இல் மத்திய அரசே சொன்ன கணக்கு: இந்தியாவின் டிரான்ஷிப்மெண்ட் சரக்கில், அதாவது இப்படிக் கப்பல் மாறிப் போகும் சரக்கில், சுமார் 75 சதவீதம் வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் கைமாறுகிறது. கொழும்பு, சிங்கப்பூர், போர்ட் கிளாங் மூன்றும்தான் அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்கின்றன.

ஐரோப்பாவையும் கிழக்காசியாவையும் இணைக்கும் கப்பல் பாதை இலங்கையின் தெற்கு முனையை ஒட்டிப் போகிறது. அம்பாந்தோட்டையிலிருந்து அந்தப் பாதை சுமார் 10 கடல் மைல். விழிஞ்ஞத்திலிருந்தும் சுமார் 10 கடல் மைல்தான். இரண்டு பேரும் விளம்பரத்தில் போட்டுக்கொள்வது ஒரே வாக்கியம்.

சீனாவுக்கு இந்தப் பாதை உயிர்நாடி. அது கடல்வழியாக வாங்கும் எண்ணெயில் பெரும்பகுதி நம் கடலைக் கடந்து மலாக்கா நீரிணையின் குறுகிய வாய்க்குள் நுழைந்துதான் போக வேண்டும். யாராவது அதை அடைத்தால் என்ன செய்வது என்ற கவலை அவர்களுக்கு எப்போதும் உண்டு. இன்னொன்று, அவர்கள் ஊரில் சிமெண்டும் உருக்கும் தேவைக்கு மேல் உற்பத்தியாகிறது. பாலமும் ரோடும் போட்டுப் பழகிய கம்பெனிகளுக்கு வெளியே வேலை வேண்டும். 2013இல் ஷி ஜின்பிங் முதலில் கஜகஸ்தானிலும் அடுத்த மாதம் இந்தோனேசியாவிலும் பேசி 'பெல்ட் அண்ட் ரோடு' திட்டத்தை அறிவித்தார். அதில் பெரும்பாலும் கடன் கொடுப்பது சீன வங்கி, வேலை செய்வது சீனக் கம்பெனி. கொடுத்த பணத்தில் பெரும்பகுதி அவர்கள் ஊர் கல்லாவுக்கே திரும்பிவிடும். பாகிஸ்தானில் இதன் பகுதியாக 2015இல் அறிவித்த பாதை கில்கித்-பல்திஸ்தான் வழியாகப் போகிறது. அது நமக்குச் சொந்தமான நிலம் என்பது இந்தியாவின் நிலைப்பாடு. அதனால்தான் 2017இல் பெய்ஜிங்கில் நடந்த மாநாட்டுக்கு இந்தியா போகவில்லை.

சரி, அம்பாந்தோட்டை. அந்த இடத்தில் துறைமுகம் என்ற யோசனை சீனாவுடையதே இல்லை. கனடாக் கம்பெனி ஒன்று ஆய்வு செய்தது, பிறகு டென்மார்க் கம்பெனி ஒன்று 2006இல் செய்தது. முதலில் இந்தியாவிடம்தான் கேட்டோம் என்று மகிந்த ராஜபக்சவே சொல்லியிருக்கிறார். அது அவருடைய சொந்த மாவட்டம். போர் நடந்துகொண்டிருந்த நேரம், வேறு யாரும் பணம் தரவில்லை, சீனா தந்தது. முதல் கடன் சீன எக்ஸிம் வங்கியிடமிருந்து 30.7 கோடி டாலர், வட்டி 6.3 சதவீதம். கொழும்பு நிரம்பிய பிறகு இதைப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள் என்பது ஆய்வில் சொன்ன யோசனை. அவர்கள் காத்திருக்கவில்லை. 2010 நவம்பரில், அவருடைய பிறந்தநாளை ஒட்டித் திறந்தார்கள். வாயிலில் ஒரு பெரிய பாறை கிடந்தது. அதை உடைக்கவே மேலும் 4 கோடி டாலர் ஆனது. 2012இல் அங்கே வந்த கப்பல்கள் வெறும் 34.

2017இல் 99 வருஷக் குத்தகைக்குச் சைனா மெர்ச்சண்ட்ஸ் நிறுவனத்திடம் 112 கோடி டாலருக்குக் கொடுத்தார்கள். இங்கேதான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். அந்தப் பணத்தை வைத்துத் துறைமுகக் கடனை அடைக்கவில்லை. கடன் அப்படியே நின்றது. வந்த டாலரை அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சேர்த்து வேறு பாக்கிகளுக்கு வைத்துக்கொண்டார்கள். அந்த வேறு பாக்கியில் பெரியது, உலகச் சந்தையில் விற்ற பத்திரக் கடன். அதை வாங்கியவர்கள் மேற்கத்திய முதலீட்டு நிறுவனங்கள். 2022 ஏப்ரலில் இலங்கை கையை விரித்தபோது வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு சுமார் ஐந்தில் ஒன்று. அதனால் 'கட்ட முடியவில்லை, பறித்துக்கொண்டான்' என்ற உங்கள் பஜார் கதை இதற்குப் பொருந்தாது. வேறு கடனை அடைக்க வீட்டுச் சாவியை ஒருவனிடம் நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்த கதை இது. கொடுத்தவன் கொழும்பில் இருந்தான், குடியிருந்தவன் கையெழுத்துப் போடவில்லை.

ஆனால் உங்கள் பயத்துக்கு வருகிறேன். சாவி கையில் இருந்தால் கதவைத் திறக்கச் சொல்வது சுலபம். 2014இல் கொழும்புக்குச் சீன நீர்மூழ்கிக் கப்பல் இரண்டு தடவை வந்தது. நான் அப்போது அங்கே இருந்தேன். முதல் தடவை செய்தித்தாள் பார்த்துத்தான் எங்களுக்கே தெரியும், அவ்வளவு அமைதியாக வந்து போனது. 2022 ஆகஸ்ட் 16 அன்று யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டையில் வந்து நின்றது. இந்தியா வேண்டாம் என்றது, இலங்கை தள்ளிப்போடச் சொன்னது, கடைசியில் அனுமதித்தது. பிறகு 2024 முழுக்க எந்த நாட்டு ஆய்வுக் கப்பலும் வரவேண்டாம் என்று ஒரு வருஷத் தடை போட்டார்கள். 2025 ஜனவரியில் சீனாவின் சினோபெக் நிறுவனம் அதே அம்பாந்தோட்டையில் 370 கோடி டாலருக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை கட்ட ஒப்பந்தம் போட்டது. அதாவது இலங்கை இரண்டு பேரையும் கோபப்படுத்தாமல், இரண்டு பேரிடமும் வாங்கிக்கொண்டு நடக்கப் பார்க்கிறது. சின்ன நாடு வேறென்ன செய்யும்? என்னோடு வேலை பார்த்த சிங்கள நண்பர் பெட்ரோல் வரிசையில் இரண்டு நாள் காரிலேயே தூங்கியவர். அவரிடம் போய் இது சீனாவின் பொறியா இந்தியாவின் பாசமா என்று கேட்க எனக்கு வாய் வராது.

கிரேன் விஷயம்: உலகத் துறைமுகங்களில் நிற்கும் பெரிய கிரேன்களில் பெரும்பாலானவை ஷாங்காயில் இருக்கும் ஒரே நிறுவனம் செய்தவை. அமெரிக்காவிலும் அதுதான் நிற்கிறது, அவர்களும் அதை நினைத்துக் கவலைப்படுகிறார்கள். விழிஞ்ஞத்தில் கப்பலருகே நிற்கும் 8, யார்டில் நிற்கும் 24, எல்லாமே அங்கிருந்து வந்தவை. 2024 ஜூலையில் வந்த முதல் கண்டெய்னர் கப்பலும் சீனத்துச் சியாமென் துறைமுகத்திலிருந்து வந்ததுதான். இத்தனைக்கும் 2000களின் நடுவில் விழிஞ்ஞத்தைக் கட்ட முன்வந்த ஒரு கூட்டணியில் சீனக் கம்பெனிகள் இருந்தன என்பதற்காக மத்திய அரசு பாதுகாப்பு அனுமதியே தரவில்லை. உன்னிடமிருந்து பொருள் வாங்குவேன், சாவியைத் தரமாட்டேன் என்பதுதான் இந்தியாவின் நிலை. இது எனக்குச் சரியாகவே படுகிறது.

தூத்தூர்க் கடலோடி எழுதியது:

அண்ணே, நான் தூத்தூர். நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரைக்கும் உள்ள எங்கள் ஊர்களில் ஆழ்கடல் தொழில்தான். சுறாவுக்கும் கேரை மீனுக்கும் ஒருமுறை இறங்கினால் முப்பது நாள், நாற்பது நாள். நீங்கள் டிவியில் பேசுகிற கப்பல் பாதையை நாங்கள் ராத்திரி வெறும் கண்ணால் பார்க்கிறோம். முன்பு எப்போதாவது ஒரு வெளிச்சம் போகும். இப்போது ஒரு கப்பல் கடந்துபோய் அதன் அலை அடங்கும் முன்னால் அடுத்தது வந்துவிடுகிறது. கடலில் போட்ட தூண்டில் கயிறு பல மைல் நீளம். மேலே ஒரு கப்பல் ஏறிப் போனால் மொத்தமும் போச்சு. போனது கயிறு மட்டும் என்றால் பரவாயில்லை. 2018 ஆகஸ்டில் முனம்பத்துக்கு வெளியே ஒரு கப்பல் விசைப்படகில் மோதிப் போனது. அதில் செத்தவர்களில் பெரும்பாலானவர்கள் நம்ம மாவட்டத்துக்காரர்கள்.

2025 மே 25 அன்று விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன ஒரு சரக்குக் கப்பல் சரிந்து மூழ்கியது. அதில் 640 பெட்டிகள். சில நாளில் எங்கள் கரையில் வெள்ளை வெள்ளையாக ஒதுங்க ஆரம்பித்தது. ஜவ்வரிசி மாதிரி பிளாஸ்டிக் மணி. கையில் அள்ளினால் மண்ணோடு ஒட்டி வரும், ஊதினால் பறக்காது. அக்கா மகன் ஒரு பாட்டில் நிறையப் பொறுக்கி வைத்திருக்கிறான், இன்னும் ஜன்னலில் இருக்கிறது. கரையில் நின்று கரமடி வலை இழுத்தவர்கள் வலைக்கண்ணில் மாட்டினதை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார்கள். மீன் வாங்க வருகிற அம்மாமார் அந்த வாரம் கூடையை எடுக்கவே இல்லை, மீனில் விஷம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

நம்ம பக்கமும் ஒரு துறைமுகம் வருவதாக இருந்தது, எல்லாரும் மறந்துவிட்டார்கள். 2016 ஜூலையில் இனயத்தில் பெரிய துறைமுகம் கட்ட மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. கொழும்புக்குப் போகும் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவரப் போகிறோம் என்றுதான் அப்போதும் சொன்னார்கள். எங்கள் பெண்கள் பிள்ளைகளோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். பிறகு கோவளம், மணக்குடி பக்கம் என்றார்கள். அங்கேயும் அதே எதிர்ப்பு. அதற்குமேல் நகரவில்லை. அப்போது எங்களை வளர்ச்சிக்கு எதிரி என்றார்கள். மறு வருஷம் நவம்பரில் ஒக்கி வந்தது, எங்கள் ஊர்களில் எத்தனை வீட்டில் ஆண்பிள்ளை இல்லாமல் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கடலை எங்களுக்குத் தெரியும் என்று சொன்னதை யாராவது அப்போது காதில் வாங்கியிருந்தால் என்று இன்றைக்கும் தோன்றும்.

விழிஞ்ஞத்துக்காரர்கள் 2022இல் மாதக்கணக்கில் போராடினார்கள். வலியதுறையில் கடல் வீட்டைத் தின்றபிறகு சிமெண்ட் கிடங்குக்குள் தார்ப்பாய் கட்டித் தடுத்துக் குடும்பம் நடத்தினார்கள். ஒரு சித்தி வீடு அங்கே, நான் போய்ப் பார்த்தேன். பகலிலும் லைட் போட வேண்டும், ஜன்னல் கிடையாது. துறைமுகத்தால்தான் கரை போனதா, புயலால் போனதா என்று இன்னும் வழக்காடுகிறார்கள். அதே ஊர் மீனவர் வீட்டுப் பெண்கள் இப்போது யார்டு கிரேனை ஏசி அறையிலிருந்து இயக்குகிறார்கள் என்பதும் உண்மைதான். அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தக்கலை வாத்தியார் எழுதியது:

தம்பிகளே, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் நான். கொழும்புத் தம்பி இலங்கையின் தெற்கு முனையைச் சொன்னதும் கை சும்மா இருக்கவில்லை. அந்த முனைக்குத் தெவிநுவர என்று இப்போது பெயர். பழைய தமிழ்ப் பெயர் தெனவரை. அங்கே ஒரு பெருமாள் கோயில் இருந்தது, தெனவரை நாயனார் என்று சாமிக்குப் பெயர்.

1911இல் காலி நகரத்தில் ஒரு சாக்கடைப் பாலத்துக்கு மூடியாகக் கிடந்த கல்லைப் புரட்டிப் பார்த்தார்கள். மூன்று மொழியில் கல்வெட்டு: சீனம், தமிழ், பாரசீகம். 1409ஆம் ஆண்டு தேதியிட்டது, சீனத் தளபதி செங் ஹ கப்பலில் கொண்டுவந்து நட்டது. சீனப் பகுதியில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தெனவரை நாயனாருக்கு. பாரசீகத்தில் இஸ்லாத்துக்கு. மூன்றிலும் பொன், வெள்ளி, பட்டு என்று ஏறக்குறைய ஒரே மாதிரிப் பட்டியல். இன்றைக்கு அது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன், தமிழ் எழுத்தின் மேல் விரல் வைக்க முடியாமல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வெகுநேரம் நின்றேன். இந்தக் கடலில் வியாபாரம் செய்ய வேண்டுமானால் தமிழில் எழுத வேண்டும் என்று அறுநூறு வருஷத்துக்கு முன்னால் சீனத்துக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அடுத்த கதையையும் கேளுங்கள். 1411 வாக்கில் அதே செங் ஹ இலங்கை ஆட்சியாளன் அழகேஸ்வரனைப் போரிட்டுப் பிடித்துக் கப்பலில் ஏற்றிச் சீனத்துக்கே கொண்டுபோனான். காணிக்கை கொடுத்த கையும் அதுதான்.

நம் ஊர் கதைக்கு வந்தால் குளச்சல். 1741இல் டச்சுக் கம்பெனி இறங்கியதும் இலங்கையிலிருந்துதான் வந்து. அவர்களுக்கு வேண்டியது நிலம் இல்லை, மிளகு. குறுமன்னர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டு, எனக்கு மட்டும்தான் விற்க வேண்டும், விலை நான் சொல்வது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். மார்த்தாண்ட வர்மா அந்தக் குறுநாடுகளைச் சேர்க்கத் தொடங்கியதும் ஒப்பந்தத்துக்கு ஆபத்து என்று படையோடு வந்தார்கள், தோற்றார்கள். பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானார். உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது, லத்தீனும் தமிழும் பொறித்தது. நான் பிள்ளைகளை வருஷா வருஷம் கூட்டிப்போவேன். பீரங்கியைவிட மிளகு ஒப்பந்தத்தின் வாசகத்தைத்தான் அங்கே வைத்து அதிகநேரம் பேசுவேன். மன்னர் மிளகு வியாபாரத்தை அரசின் கையில் எடுத்துக்கொண்டார். மிளகுக்கொடி வளர்த்தவனுக்கு அதிலும் பெரிய விலை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லாமல் விடமாட்டேன்.

படந்தாலுமூடு கடைக்காரர் எழுதியது:

சார், அண்ணன்மார், எல்லாவற்றையும் அச்செடுத்து ராத்திரி மகளிடம் வாசித்துக் காட்டினேன். தூத்தூர்த் தம்பி எழுதினதை வாசிக்கும்போது எனக்குக் குரல் நின்றுவிட்டது, மீதியை அவள்தான் வாசித்தாள்.

அவள் கேட்ட ஒன்றைக் கொழும்புத் தம்பியிடம் கேட்கிறேன். கொழும்பின் மேற்கு முனையத்தை அதானி நிறுவனம் நடத்துகிறது, விழிஞ்ஞத்தையும் அதே நிறுவனம்தான் நடத்துகிறது என்கிறாள். அப்படியானால் கொழும்பிடமிருந்து பெட்டியை மீட்கிறோம் என்பதற்கு என்ன அர்த்தம்? இரண்டாவது, அம்பாந்தோட்டைக் குத்தகைக்காரர்களைத் திட்டும் நாம் நம் வீட்டுக் குத்தகைப் பத்திரத்தை யாராவது படித்தோமா என்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

மார்த்தாண்டம், முன்னாள் கொழும்பு எழுதியது:

உங்கள் மகளுக்கு என் வாழ்த்து, அண்ணே. சரியான இடத்தில் விரல் வைத்திருக்கிறாள்.

கொழும்பின் கிழக்கு முனையத்தை இந்தியா, ஜப்பானோடு சேர்ந்து நடத்த 2019இல் பேசி முடித்திருந்தார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, 2021 பிப்ரவரியில் இலங்கை அதை ரத்து செய்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் மேற்கு முனையம். அதானிக்கு 51 சதவீதம், இலங்கையின் ஜோன் கீல்ஸ் கம்பெனிக்கு 34, துறைமுக அதிகாரசபைக்கு 15. பக்கத்திலேயே சீனர்கள் 85 சதவீதம் வைத்திருக்கும் முனையம். அதற்குப் போட்டியாக இது நிற்க வேண்டும் என்று அமெரிக்க அரசின் நிதி நிறுவனம் 55.3 கோடி டாலர் கடன் தருவதாக 2023 நவம்பரில் அறிவித்தது. அடுத்த வருஷக் கடைசியில் அதானி அந்தக் கடன் வேண்டாம் என்று சொந்தப் பணத்தில் கட்டினார்கள். 2025 ஏப்ரலில் முனையம் இயங்கத் தொடங்கியது. ஆக அந்த ஒரு சுவர் இடைவெளியில் பெய்ஜிங், டெல்லி, வாஷிங்டன் மூன்றும் நிற்கின்றன.

பெட்டி எங்கே இறங்கும் என்பதை எந்த அரசும் தீர்மானிப்பதில்லை. கப்பல் கம்பெனி தீர்மானிக்கும். விழிஞ்ஞத்துக்கு இப்போது வருபவை பெரும்பாலும் எம்எஸ்சி கம்பெனியின் கப்பல்கள். 2025 ஜூனில் 24,346 பெட்டி கொள்ளும் எம்எஸ்சி ஐரினா வந்து நின்றது. இயற்கை ஆழம் என்பதால் வந்தது. கொச்சி வல்லார்பாடம் 2011இல் திறந்தபோதும் கொழும்பை வெல்லும் என்றுதான் சொன்னோம். அங்கே தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டும், பெரிய கப்பல்கள் வரவில்லை. ஒரே நிறுவனம் இரண்டு கரையிலும் முனையம் வைத்திருந்தால் எங்கே லாபமோ அங்கே நிரப்பும். அது வியாபாரம், அதில் தப்பில்லை. ஆனால் அதை நாட்டுப் பாதுகாப்பு என்ற ஒரே பெயரில் நம்மிடம் விற்கும்போது கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

பத்திரம் பற்றி: விழிஞ்ஞம் ஒப்பந்தம் 2015 ஆகஸ்டில் போட்டது, 40 வருஷம். வழக்கமான 30க்குப் பதில் ஏன் 40, இதனால் மாநிலத்துக்கு நஷ்டம் என்று 2017இல் மத்தியத் தணிக்கை அறிக்கையே சொன்னது. பிறகு அமைத்த விசாரணைக் கமிஷன் ஊழல் இல்லை என்றது. ஊழல் இல்லை என்பதும் நல்ல பேரம் என்பதும் ஒன்றில்லை. இன்னொன்றைக் கேளுங்கள். மத்திய அரசு தருவதாகச் சொன்ன 817.80 கோடி ரூபாய் மானியம் என்றுதான் கேரளம் நினைத்தது. பிறகு, துறைமுக வருமானத்தில் பங்காகத் திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை வந்தது. நீண்டநாள் வாதாடிவிட்டு 2025 ஏப்ரலில் கையெழுத்துப் போட்டார்கள். அதில் நம்ம மாவட்டத்துக்கு ஒரு வரிகூட இல்லை. கல் போன கணக்கு அந்தப் பத்திரங்கள் எதிலும் வராது. அது குவாரிக்காரருக்கும் வாங்குகிறவருக்கும் இடையில் முடிந்துபோன வியாபாரம். அதை இங்கேதான் கேட்க வேண்டும். ஒவ்வொரு லோடுக்கும் நடைச்சீட்டு உண்டு, அது அரசுப் பதிவு.

தூத்தூர்க் கடலோடி எழுதியது:

அண்ணே, கேட்கும்போது எடையையும் கேளுங்கள். சீட்டில் ஒன்று இருக்கும், வண்டியில் வேறு இருக்கும்.

படந்தாலுமூடு கடைக்காரர் எழுதியது:

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிவிட்டேன். மகள்தான் வாசகத்தைத் திருத்தினாள். 2015 டிசம்பரில் அங்கே வேலை தொடங்கியதிலிருந்து களியக்காவிளை வழியாக எத்தனை லோடு கல்லுக்கு நடைச்சீட்டு கொடுத்தார்கள், எந்த எடைக்கு, எந்தெந்த மலையிலிருந்து, அரசுக்கு வந்த கட்டணம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறோம். தூத்தூர்த் தம்பி சொன்ன பிறகு எடைமேடை ரசீதின் நகலையும் சேர்த்தோம். பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி இன்று காலை பதிவுத் தபாலில் போட்டாயிற்று. முப்பது நாள் அவகாசம்.

சார், ஞாயிற்றுக்கிழமை உதயகிரிக் கோட்டைக்கு வருகிறோம். அந்தக் கல்லறை எழுத்தை மகள் படித்துப் பார்க்க வேண்டுமாம். பத்து மணிக்கு வாசலில் நிற்போம். பதில் வந்ததும் இதே திரியில் போடுகிறேன்.